கைப்பிடியை இறக்கியவர்

என் பெயரும் முகவரியும் முதல் தாளில் உள்ளன. வயது இருபத்தெட்டு. மணமானவள். கணவர் வெளியூரில் வேலை பார்க்கிறார். நானும் அவருடைய தாயாரும் சலவைக் கடைக்கு மேலே மூன்றாம் மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றில் ஒப்பந்த ஆய்வாளராக இருக்கிறேன். இப்போது மருத்துவமனையின் நுரையீரல் பிரிவில், ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்தபடி, காவல்துறைத் துணை ஆய்வாளர் கேட்க, எழுத்தர் எழுத, சுயநினைவுடன் சொல்கிறேன். மூச்சு வாங்கிய இடங்களில் நிறுத்தியிருக்கிறேன். அதை யாரும் தயக்கம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் அத்தை மீது, அதாவது கணவரின் தாயார் மீது, நிறுவனம் புகார் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அனுமதி இல்லாத தளத்துக்குள் நுழைந்தார், ஆய்வறையின் மின்சாரத்தைத் துண்டித்தார், அதனால் இயந்திரம் கெட்டது, எக்ஸாஸ்ட் விசிறி நின்று நச்சு வாயு பரவி உள்ளே இருந்த இரண்டு பேர் விழுந்தார்கள் என்பது புகார். அவர் நுழைந்தது உண்மை. துண்டித்தது உண்மை. இயந்திரம் கெட்டதும் உண்மை. நாங்கள் விழுந்தது அதற்குப் பிறகு இல்லை, அதற்கு முன்பு. இந்த ஒரு முன்பின்னுக்காகத்தான் பேசுகிறேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நாங்கள் செய்வது சால்கோஜினைடு கண்ணாடி. ஜன்னல் கண்ணாடி போல் இருக்காது. கறுப்பு வட்டு. கண்ணுக்கு எதிர்ப்புறம் தெரியாது. வெப்பம் மட்டும் அதனுள் புகுந்து போகும். இருட்டில் உடம்பின் சூட்டைப் பார்க்கிற கேமராக்களுக்கு லென்ஸாகப் பயன்படும். மற்றவர்கள் உருக்கி வார்ப்பார்கள். நாங்கள் உருக்குவதில்லை. ஜெர்மானியம், செலினியம், கூட இன்னொரு உலோகம், இவற்றைக் கனத்த குண்டுகளோடு ஒரு கெட்டிக் குடுவையில் அடைத்து, காற்றுப் படாமல் மூடி, அரவை இயந்திரத்தில் நாள்கணக்கில் சுழற்றுவோம். குண்டுகள் அடிக்கிற அடியில் அணுக்கள் தங்கள் அடுக்கை மறந்துவிடும். அடுக்கு மறந்த தூள்தான் கண்ணாடி. அதன் பிறகு தூளை அச்சில் போட்டு, பிரஸ்ஸில் சூடும் அழுத்தமும் கொடுத்து வட்டாக இறுக்குவோம். இதற்கு சிண்டரிங் என்று பெயர். சூடு உச்சிக்குப் போனதும் இரண்டு நிமிடம் பொறுத்து நிறுத்த வேண்டும். மேலும் வைத்தால் அணுக்களுக்குப் பழைய அடுக்கு ஞாபகம் வந்துவிடும். உள்ளே படிகம் வளரும். வட்டு வெப்பத்துக்கும் குருடாகிவிடும். எங்கள் பிரஸ் பழையது. தானாக நிற்கும் வசதி கெட்டுப்போய்விட்டது. பக்கத்தில் நின்று கையால் நிறுத்த வேண்டும். அன்று நின்றவள் நான்.

அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். மற்றவர் எனக்கு மூத்த ஆய்வாளர். ஈர்க்குச்சி போல் இருப்பார். குண்டுகளை எடை போடுவது அவர் பொறுப்பு என்பதால் கட்டிடம் முழுக்க அவருக்குக் குண்டு என்று பெயர். நான் குண்டண்ணன் என்பேன்.

செலினியத்தோடு பழகுகிறவர்களின் மூச்சில் பூண்டு வாடை வரும். எத்தனை கவனமாக இருந்தாலும் கொஞ்சம் உடம்பில் ஏறிவிடும். குளித்தாலும் பல் தேய்த்தாலும் போகாது. மணமான புதிதில் நான் வெளியே எங்கோ ஒளிந்து தின்றுவிட்டு வருகிறேன் என்று அத்தை நினைத்தார்.

"வாயில என்ன, பூண்டுத் தோட்டமா போட்டிருக்க?"

"ஆபீஸ்ல அரைக்கிற பொடியால வருது அத்தை."

"மாவரைக்கிற வேலைக்கா இவ்ளோ படிச்ச?"

அதன் பிறகு எனக்குத் தனித் துண்டு, தனித் தலையணை உறை. நான் எழுந்து போன நாற்காலியில் உட்காருமுன் ஒருமுறை மோந்து பார்ப்பார். தொலைபேசியில் மகனிடம் சொல்வார், "உன் பொண்டாட்டி எந்த ரூம்ல இருக்கான்னு கண்ண மூடிக்கிட்டே சொல்லிடுவேன்டா." நான் கேட்கும்படியாகத்தான் சொல்வார். இரண்டு வருடம் இப்படிப் போனது. நாங்கள் ஒத்துப்போன மாமியார் மருமகள் அல்ல. அதையும் எழுதிக்கொள்ளலாம். இதெல்லாம் தேவையா என்று துணை ஆய்வாளர் கேட்டார். தேவை என்றேன்.

சம்பவத்தன்று காலையில் எக்ஸாஸ்ட் விசிறியின் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கழற்றிப் போனார்கள். வாயு கசிந்தால் கூவும் கருவி அதற்கு முன்பே பழுதுக்குப் போய்த் திரும்பவில்லை. தூள் வேலையை நிறுத்திவைத்து, ஏற்கெனவே அச்சில் அடைத்திருந்ததை மட்டும் பிரஸ்ஸில் வைப்பது என்று முடிவு செய்தோம். அச்சு மூடியது, அதனால் ஆபத்தில்லை. நாங்கள் கவனிக்காதது வேறு. மோட்டாரைக் கழற்ற வந்தவர்கள் ஏணி வைப்பதற்காக, எக்ஸாஸ்ட் கூண்டில் இருந்த கழிவுத் தூள் டப்பாவை எடுத்து ஏசிக்குக் கீழே தரையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த ஏசி சொட்டும். சொட்டுகிறது என்று பலமுறை சொல்லியிருந்தோம். இந்தத் தடவை தூளில் அலுமினியம் சேர்த்திருந்தோம். அலுமினியமும் செலினியமும் சேர்ந்த தூளில் தண்ணீர் பட்டால் வாயு கிளம்பும். நுரையீரலைத் தின்கிற வாயு. டப்பாவின் மூடி சரியாகப் பொருந்தியிருக்கவில்லை.

மதியத்துக்கு மேல் அத்தை கண் மருத்துவரைப் பார்த்துவிட்டு வந்தார். கண் பாப்பா விரிய மருந்து விட்டிருந்தார்கள். தனியாகச் சாலையைக் கடக்க முடியாது என்பதால் நிறுவனத்தின் கீழ்த்தள வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கட்டும், வேலை முடித்துச் சேர்ந்து போகலாம் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அவர் வந்து உட்கார்ந்ததாக வரவேற்பறையிலிருந்து எனக்குத் தகவல் வந்தது. அதன் பிறகு பிரஸ்ஸை முடுக்கினேன்.

சூடு ஏறிக்கொண்டிருக்கும்போது வாடை வந்தது. நான் குண்டண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணே, இன்னிக்கு ரொம்பத்தான் கமகமக்கிறீங்க."

"நானா? நீதாம்மா. அப்பலேருந்து மூக்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன். பொம்பளப் புள்ளகிட்ட எப்படிச் சொல்றதுன்னு சொல்லல."

சிரித்தோம். நான் அவர் என்று நினைத்தேன். அவர் நான் என்று நினைத்தார். வேறு எந்த அறையில் இருப்பவர்களும் இந்தத் தவற்றைச் செய்ய மாட்டார்கள். வாடை வந்ததும் வெளியே ஓடியிருப்பார்கள். நாங்கள் ஒருவருக்கொருவர் மரியாதை காட்டிக்கொண்டிருந்தோம்.

சற்று நேரத்தில் வாடை போய்விட்டது. நல்லது என்று நினைத்தேன். அந்த வாயு முதலில் மூக்கை மரக்கச் செய்யும் என்று படித்திருக்கிறேன். படித்தது அந்த நேரத்தில் வரவில்லை. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. குண்டண்ணன் முகம் கழுவத் தொட்டி வரை போய், அதன் விளிம்பைப் பிடித்தபடி மெதுவாகக் கீழே இறங்கி உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதம் ஓய்வெடுப்பது போல இருந்தது. பிரஸ்ஸில் சூடு உச்சியைத் தொட்டு இரண்டு நிமிடமும் முடிந்தது. நிறுத்த வேண்டும். பொத்தானுக்கும் என் கைக்கும் நடுவே ஒரு முழம்.

அந்த முழத்தை நான் கடக்கவில்லை. தரை குளிர்ச்சியாக இருந்தது. பிரஸ்ஸிலிருந்து காற்றை உறிஞ்சும் பம்பு ஓடிக்கொண்டே இருந்தது. அது ஓடும் சத்தத்தை நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

அடுத்து நடந்ததில் வெளிப்பக்கத்தை நான் பார்க்கவில்லை. தளக் காவலாளியும் அத்தையும் சொல்லக் கேட்டதைக் கேட்டது என்றே சொல்கிறேன்.

அத்தைக்குக் காத்திருக்கத் தெரியாது. வரவேற்பறையில் யாரும் பார்க்காத நேரம் எழுந்து மாடியேறிவிட்டார். எங்கள் தளத்தில் காவலாளி தடுத்திருக்கிறார். அத்தை அவரைப் பார்க்காமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறார்.

"இங்க எப்பவும் இப்படித்தாம்மா நாறும். பழகிடும்."

"எப்பவும் நாறுறது என் மருமக. அது பூண்டு. ரெண்டு வருசமா மோந்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா? இது அவ இல்ல. இது அழுகின முள்ளங்கி."

காவலாளி கதவைத் தட்டிக் கூப்பிட்டார். பதில் இல்லை. எங்கள் கதவு அட்டை காட்டினால்தான் திறக்கும். அவர் அட்டைக்குத் திறக்காது. அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். எடுக்கவில்லை. கதவில் கையகலக் கண்ணாடி உண்டு. அத்தை அதில் நெற்றியை வைத்துப் பார்த்திருக்கிறார்.

"வெள்ளக் கோட்டு ஒண்ணு தரையில கெடக்கு. எனக்குக் கண்ணு மங்கலா இருக்கு. அதுக்குள்ள ஆள் இருக்கான்னு நீ பாரு."

காவலாளி பார்த்தார். பார்த்த பதற்றத்தில், வராந்தாச் சுவரில் இருந்த மின்பெட்டியைக் காட்டி, கரண்டு போனால் கதவு தானாகத் திறந்துகொள்ளும் என்று வாய்விட்டுச் சொன்னார். சொன்ன கையோடு எச்சரித்தும் இருக்கிறார்.

"அதத் தொட்றாதீங்கம்மா. உள்ள மெஷின் ஓடுது. நடுவுல நின்னா வீணாப் போயிடும். ஆளுக்கே வேலை போயிடும்."

"எது மெயினு?"

"அம்மா, நான் சொல்லக் கூடாது."

"ரெண்டு கைப்பிடி இருக்கேய்யா. எனக்கு நாலாத் தெரியுது. தப்பா எறக்கினேன்னா பக்கத்து ரூமுக்காரன் வேலையும் கெடும். எதுன்னு சொல்லித் தொலை."

இடது என்று காவலாளி காட்டினார். அத்தை இடதை இறக்கினார். பக்கத்து அறைகளில் மின்சாரம் போகவில்லை என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

உள்ளே நான் கேட்டதும் உணர்ந்ததும் இவை. பம்பு நின்றது. விளக்கு போனது. பூட்டு விடுபட்ட சத்தம். அதன் பிறகு யாரோ என் கோட்டுக் காலரைப் பிடித்து இழுத்தார்கள். அத்தையின் குரல்.

"எந்திரி. எந்திரிடி. உறங்குறதுக்கு வீடு இல்லையா உனக்கு?"

என் குதிகால் தரையில் தேய்ந்தது. ஒரு செருப்பு உள்ளேயே கழன்றுவிட்டது. வராந்தாவில் என்னைக் கிடத்திவிட்டு அவர், "இன்னொருத்தர் இருப்பாரே, ஒல்லியா, குண்டுன்னு பேரு, அவரையும் தூக்கு" என்று காவலாளியிடம் சொன்னார். குண்டண்ணனை அவர் பார்த்ததே இல்லை. நான் சாப்பிடும்போது சொல்லும் கதைகளை அவர் கேட்பதில்லை என்று நினைத்திருந்தேன். காவலாளி வாயைத் துணியால் கட்டிக்கொண்டு உள்ளே போய் அவரை இழுத்து வந்தார், வராந்தா ஜன்னல்கள் எல்லாவற்றையும் திறந்தார், அதன் பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று மருத்துவர் ஆரம்பித்து, வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

இந்த இடத்தில் அத்தைக்கும் காவலாளிக்கும் என் நன்றியை எழுதச் சொன்னேன். எழுத்தர் பேனாவை நிறுத்தினார்.

"நன்றியெல்லாம் இதுல வராதும்மா. நடந்தத மட்டும் சொல்லுங்க."

நடந்தது அதுதான் என்றேன். எனக்கு வேறெதுவும் நடக்கவில்லை. ஒரு மரணம் நடக்க இருந்தது, நடக்கவில்லை. ஒரு மனுஷி படியேறி வந்தார். துணை ஆய்வாளர் எழுதிக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் நன்றி.

மூன்றாம் நாள் நிறுவனத்தின் நிர்வாக அதிகாரி பார்க்க வந்தார். அன்பாகத்தான் பேசினார். அத்தை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார்.

"பெரியவங்க மேல கேஸ் நடத்தணும்னு எங்களுக்கு என்ன ஆசையா? கண்ணுல மருந்து இருந்துச்சு, லைட்டு சுவிட்சுன்னு நெனச்சு இறக்கிட்டேன், இப்படி ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும். புகாரை வாபஸ் வாங்கிடுவோம்." என்னைப் பார்த்து, "உங்க ஒப்பந்தமும் புதுப்பிக்க வருதுல்ல?" என்றார்.

அந்த ஒரு வரியின் வேலை எனக்குப் புரிந்தது. கண் தெரியாத ஒருவர் கை தவறி மின்சாரத்தை நிறுத்தினார், விசிறி நின்றது, வாயு சூழ்ந்தது. கழற்றிப் போன மோட்டாரும், சொட்டிய ஏசியும், திரும்பி வராத கருவியும் அந்த வரிக்குள் மறைந்துவிடும். அத்தைக்கு இது புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் கேட்டது வேறு.

"ஏன் தம்பி, நான் குருடியா, முட்டாளா? ரெண்டுல ஒண்ணத்தான் எழுதணும்னா எதுன்னு நீயே சொல்லு."

அதிகாரி எழுந்து போனார். போகும்போது, நீங்கள் முன்பே விழுந்துவிட்டதற்கு ஆதாரம் என்ன இருக்கிறது என்று கேட்டார். மயங்கிக் கிடந்தவர்கள் பேச்சு எடுபடாது என்றார். கேள்வி நியாயமானது.

டப்பாவிலிருந்து குண்டண்ணன் என்னைவிடத் தொலைவில் உட்கார்ந்திருந்ததால் அவர் முதலில் தேறினார். துணை ஆய்வாளர் அனுமதித்து, காவலர் ஒருவர் உடனிருக்க, அவர் பிரஸ்ஸிலிருந்து அச்சை எடுத்துப் பிரித்தார். மறுநாள் இங்கே வந்தார்.

"நம்ம வட்டு செத்துப்போச்சும்மா."

"எப்படி? நொறுங்குதா?"

"நொறுங்கல. கல்லு மாதிரி இறுகியிருக்கு. ஆனா கேமரால வச்சுப் பாத்தேன், பின்னால கையக் காட்டினா கைக்கு வெரல் இருக்குன்னே தெரியல. மொத்தமும் படிகம்."

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தோம். ஒரு வட்டு பாழானதற்கு நான் மகிழ்ந்தது அதுவே முதல் முறை. காரணம் இதுதான். சூடு உச்சிக்குப் போகுமுன் மின்சாரம் நின்றிருந்தால் தூள் சரியாக ஒட்டியிருக்காது, விரலால் அழுத்தினால் உதிரும். நான் நல்லபடியாக நின்று சரியான நேரத்தில் நிறுத்தியிருந்தாலோ, அந்த நேரத்தில் மின்சாரம் போயிருந்தாலோ, கை பளிச்சென்று தெரியும். இறுகியும் இருக்கிறது, குருடாகவும் இருக்கிறது என்றால் நிறுத்த ஆளில்லாமல் சூட்டிலேயே நெடுநேரம் கிடந்திருக்கிறது. பிரஸ் ஓடிக்கொண்டிருந்தது. அருகில் நின்றவள் தரையில் இருந்தாள். மின்சாரம் போனது அதற்கெல்லாம் பிறகு. என் பேச்சு எடுபடாவிட்டாலும் வட்டு பேசும். அதை எந்த ஆய்வகத்துக்கும் அனுப்பிச் சோதிக்கலாம். ஒழுங்காக எடுத்த பழைய வட்டு ஒன்றையும் ஒப்பிடுவதற்காகக் குண்டண்ணன் ஒப்படைத்திருக்கிறார்.

பிரஸ் கெட்டது பற்றிக் கேட்டார்கள். அழுத்தத்தில் இருக்கும்போது நின்றதால் அச்சு விரிசல் விட்டது, பம்பின் எண்ணெய் பின்னோக்கி ஏறிவிட்டது. அது அத்தை கைப்பிடியை இறக்கியதால்தான். மறுக்கவில்லை. அந்த இயந்திரத்தின் மீது எனக்குப் பிரியம் உண்டு. காவலாளியிடமும் நிறுவனம் விளக்கம் கேட்டிருப்பதாக அறிகிறேன். இடது என்று அவர் காட்டியது அவர் வேலையில் சேராது. அதைக் காட்டியதால் நான் இருக்கிறேன், பக்கத்து அறைக்காரர்களின் வேலையும் கெடாமல் இருக்கிறது. அவருக்குப் பாதகம் வரக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். இந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த பிறகு என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் போகலாம். அதுவும் தெரியும்.

முடிவில் துணை ஆய்வாளர் நல்ல எண்ணத்தில் ஒன்று சொன்னார். பதற்றத்தில் என்ன செய்கிறோம் என்று தெரியாமல் இறக்கினார் என்று எழுதினால் வயதுக்கு இரக்கப்பட்டு விட்டுவிடுவார்கள் என்றார். வேண்டாம் என்றேன். கைப்பிடியைத் தொடுமுன் அத்தை தோள்பையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைத்தார், முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், எது என்று கேட்டு உறுதி செய்துகொண்டார் என்று காவலாளி சொல்கிறார். பதறுகிறவர் பையைச் சாய்த்து வைக்க மாட்டார். நின்றால் இயந்திரம் பாழாகும் என்று அவரிடம் சொல்லப்பட்டது. அவர் கேட்டுக்கொண்டார். உள்ளே கிடப்பது யார் என்றும் அவருக்குத் தெரியும். இரண்டையும் வைத்துப் பார்த்து, தெரிந்தே இறக்கினார். 'தெரிந்தே' என்று எழுதும்படி கேட்டேன். எழுதப்பட்டது.

நான் கண்டதைக் கண்டதாகவும், பிறர் சொல்லக் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். எழுத்தர் வாசித்துக் காட்டினார், சொன்னபடியே இருக்கிறது. யாரும் வற்புறுத்தவில்லை. வலது கையில் ஊசி ஏறிக்கொண்டிருப்பதால் இடது கையால் ஒப்பமிடுகிறேன். தாள் நகராமல் பிடித்துக்கொண்டவர் என் அத்தை.

(ஒப்பம்)